அத்தாவிடம் சொன்ன வார்த்தை

அத்தா என் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அதற்கு முன் பாகூரில் அம்மாவோடு இருந்தார். அம்மா மவுத்தான பிறகு நாலு மாதம் தனியாகச் சமாளித்தார். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனவர், திரும்பிவர வழி தெரியாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். பார்த்த ஒருவர் அவர் சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். அன்று சாயங்காலமே நானும் என் வீட்டுக்காரரும் போய் அவரை வில்லியனூருக்கு அழைத்து வந்துவிட்டோம். தம்பி சென்னையில் இருக்கிறான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை.

அவர் வந்தபோது நான் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்கேஜி டீச்சர். ஒரு மாதம் அத்தாவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்ப் பார்த்தேன். முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அத்தா மின்துறையில் ஒயர்மேனாக இருந்தவர். பாகூர், சோரியாங்குப்பம் பக்கமெல்லாம் அவர் ஏறாத கம்பம் கிடையாது. கம்பத்தில் ஏறுமுன் லைனை நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார். எத்தனை அவசரமானாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, கேட்காமல் ஏறமாட்டார். தொழுகையும் அவருக்கு அப்படித்தான். எந்த ஊரில் வேலை செய்தாலும் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் இறங்கி வந்து, கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, வரப்பிலோ கோவில் மண்டபத்துக்குப் பக்கத்திலோ துண்டை விரித்துத் தொழுதுவிடுவார். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஞாபகம் போன பிறகு இந்த இரண்டு கேள்விகள் மட்டும் அவரிடம் தங்கிவிட்டன. ஒன்று, “லைன் நிறுத்தியாச்சா?” இன்னொன்று, “பாங்கு சொல்ட்டாங்களாம்மா?”

முதல் கேள்வி எப்போதாவதுதான் வரும். இரண்டாவது நாள் முழுக்க வரும். சொல்லிவிட்டார்கள் என்றால் எழுந்து ஒளு செய்யப் போவார். இன்னும் சொல்லவில்லை என்றால் இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்பார். தொழுது முடித்து சலாம் கொடுத்துவிட்டு, துண்டை மடிப்பதற்குள் தொழுதது மறந்துபோகும். ஒருநாள் எண்ணினேன். மதியம் லுஹருக்கும் சாயங்காலம் அஸருக்கும் நடுவில் முப்பத்தோரு தடவை கேட்டார். லுஹரை நாலு தடவை தொழுதார்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு அது அழகாக இருந்தது. பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்தாலும் அல்லாவை மறக்கவில்லை பார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டீ குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். முதல் ஆறேழு மாதம் எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, ஒவ்வொரு ஒளுவுக்கும் குளியலறையிலிருந்து கூடம் வரை சொட்டும் தண்ணீரைத் துடைப்பதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு மூத்திரத்தை அடக்க முடியாது. கைலியில் பட்டுவிட்டால், “துணி சுத்தமா இல்லம்மா, மாத்தணும்” என்பார். அது மட்டும் அவருக்குச் சரியாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு கைலி. மழைநாளில் காயவைக்க இடம் இருக்காது.

புத்தி இப்படி ஆனவருக்குத் தொழுகை கடமையில்லை என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் முன்பே சொல்லியிருந்தார். எனக்குச் சொல்லி என்ன செய்வது? அதை அத்தாவுக்குச் சொல்ல முடியவில்லை.

அந்த வார்த்தையைச் சொன்னது ஒரு புதன்கிழமை. அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலை, இரண்டு மணிக்கு மேல்தான் வரும் என்று சொன்னார்கள். வெயில் காலம். ஒதியம்பட்டிலிருந்து ஒரு அம்மா தன் மகளின் முகூர்த்தப் பட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அரக்கு நிறம், அகலமான ஜரிகை. மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஃபால்ஸைக் கையாலேயே தைத்து முடித்து, மடித்து, கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

கரண்ட் இல்லாததால் பள்ளிவாசல் மைக்கும் இல்லை. பாங்கு என் வீடு வரைக்கும் கேட்காது. அத்தாவோ காலை பத்து மணியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு ஒருமுறை கைலி மாற்றினேன். பன்னிரண்டுக்கு ஒருமுறை. இன்னும் நேரமாகவில்லை அத்தா, இன்னும் நேரமாகவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். அதுவே எனக்கு ஒரு ஓய்வு போல இருந்தது.

சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால், அத்தா தானாகவே போய் ஒளு செய்துவிட்டு வந்து பட்டுப்புடவையின் மேல் நின்று தொழுதுகொண்டிருந்தார். அதைத் தொழுகைக்கு விரிக்கும் முசல்லா என்று நினைத்துவிட்டார். காலிலிருந்தும் கைலியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது வெறும் தண்ணீர் மட்டும் இல்லை என்பது வாசனையில் தெரிந்தது.

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். தொழுகையில் நிற்கிற ஒருவரைத் தொட்டு இழுப்பது எத்தனை பெரிய தப்பு என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அத்தாதான் சொல்லிக்கொடுத்தார். இழுத்த வேகத்தில் அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “பாங்கு சொல்ட்டாங்களாம்மா?” என்றார்.

“பாங்கும் கெடையாது, தொழுகையும் கெடையாது” என்றேன். “அல்லாவே இல்ல. போதுமா? போய் கம்னு உக்காருங்க.”

கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அத்தாவுக்குக் கோபம் வரவில்லை. பயப்படவும் இல்லை. கம்பத்தின் கீழே நின்று தகவல் கேட்டுக்கொள்கிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “இல்லையா?” என்று கேட்டார். “அப்ப சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் புடவையை எடுத்தேன். ஜரிகை உரசாமல் துண்டால் ஒற்றி, சாயம் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று நடுநடுவே பழைய வேட்டித் துணி வைத்து, நிழலில் விரித்தேன். எந்தப் பகுதியை மட்டும் அலசினால் போதும் என்று நிதானமாக யோசித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு எனக்குச் சுயநினைவு இருந்ததா என்று கேட்டார்கள்.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது. அஸர் பாங்கு மைக்கில் தெளிவாகக் கேட்டது. அத்தா அசையவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒளு செய்துவிட்டு வந்து நின்றேன். தக்பீர் சொல்லிக் கையைக் கட்டினேன். ஓதவும் ஓதினேன். ஆனால் இந்தத் தொழுகை போய்ச் சேருமா, மதியம் சொன்ன வார்த்தையோடு நான் மார்க்கத்தை விட்டே வெளியே போய்விட்டேனா, வெளியே நிற்கிறவள் தொழுதால் அதற்கு என்ன பெயர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. நானும் அத்தா மாதிரியே மறுபடி முதலிலிருந்து தொழுதேன்.

அன்று மஃரிபுக்கும் அவர் கேட்கவில்லை. மறுநாள் பஜ்ருக்கும் கேட்கவில்லை, லுஹருக்கும் கேட்கவில்லை. புடவைக்காரம்மா வந்து புடவையை வாங்கிக்கொண்டு போனார். நடந்ததைச் சொல்லத்தான் நினைத்தேன். ஒரு இடம் நனைந்துவிட்டது, அலசியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலயே” என்று போய்விட்டார்.

இரண்டு வருடமாக எந்த அமைதிக்கு ஏங்கினேனோ அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எதைச் சொன்னாலும் மறக்கிற மனிதர், மகளின் பெயர் மறந்தவர், நான் சொன்ன அந்த ஒன்றை மட்டும் எப்படிப் பிடித்து வைத்துக்கொண்டார்? எழுபத்தொன்பது வருடம் வைத்திருந்ததை ஒரு வார்த்தையில் நான் பிடுங்கிவிட்டேனா? அல்லாவின் மேல் எனக்கிருந்த ஈமான் போனது ஒருபக்கம் இருக்கட்டும், அவருடையதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டேனா? நானே போய், “அத்தா, பாங்கு சொல்லியாச்சு, வாங்க தொழலாம்” என்று கூப்பிட்டேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. ஆட்டோ வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, மூத்திரத்தில் கிருமித் தொற்று, இந்த வயதில் இப்படிப்பட்டவர்களுக்கு வலி, எரிச்சல் என்று சொல்லத் தெரியாது, பேச்சு நின்றுபோகும், தூங்கிக்கொண்டே இருப்பார்கள் என்று சொன்னார். எத்தனை நாளாகப் பேச்சு இல்லை என்று கேட்டார். புதன்கிழமை மதியத்திலிருந்து என்றேன். அதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மாத்திரையில் ஜுரம் இறங்கியது. அடுத்த செவ்வாய்க்கிழமை, நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வாயைத் துடைக்கும் முன்பே, “பாங்கு சொல்ட்டாங்களாம்மா?” என்று கேட்டார்.

சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் முதலில் எனக்குத் தோன்றியது, மறுபடியும் ஆரம்பித்துவிட்டதே என்பதுதான். அதற்குப் பிறகுதான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அத்தாவின் அமைதிக்குக் காரணம் காய்ச்சல் என்று தெரிந்துவிட்டது. நான் சொன்னது அவர் மனதில் ஒரு நிமிடம் கூடத் தங்கியிருக்காது. ஆனால் எனக்கு மறக்கும் வியாதி இல்லை. சொன்னது என்னிடம் அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். விடியற்காலை போனால் இரவு எட்டுக்கு வருவார். ஞாயிறு மட்டும்தான் வீடு. வேனைக் கழுவிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். “கோவத்துல சொன்னதுதானே, வுடு” என்றார். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். “எதுக்கும் கலிமா சொல்லிடு” என்றார்.

அந்த ‘எதுக்கும்’ எனக்குள் போய்த் தைத்தது. அவருக்கும் சந்தேகம் இருக்கிறது. அல்லாவைத் தவிர வேறு இறைவன் இல்லை என்கிற கலிமாவை நான் அன்றிலிருந்து ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், துணி துவைக்கும்போது, சோறு வடிக்கும்போது. இனி என்ன சொல்வது?

போனில் தேட ஆரம்பித்ததுதான் நான் செய்த இன்னொரு தப்பு. ஒருவர் வீடியோவில், கோபத்தில் சொன்னாலும் விளையாட்டாகச் சொன்னாலும் வெளியே போய்விட்டீர்கள், அதுவரை செய்த நல்ல அமலெல்லாம் அழிந்துவிட்டது, நிக்காஹும் முறிந்துவிட்டது என்று மேசையைத் தட்டிச் சொன்னார். இன்னொருவர் சிரித்த முகத்தோடு, மனசுதான் முக்கியம், வாயில் வருவதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். முதலாமவரைக் கேட்டால் வாய் தானாகக் கலிமா சொன்னது. இரண்டாமவரைக் கேட்டால், இத்தனை லேசான விஷயமா, அப்படியானால் நாம் சொல்கிற கலிமாவும் வாயில் வருவதுதானே என்று தோன்றியது. இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே ஊசியை ஓட்டினேன். கடைசியில் போன் தானாகவே இந்த மாதிரி வீடியோக்களையே காட்ட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நான் இவருக்கு இன்னும் மனைவிதானா என்ற நினைப்பில் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா மதில் பக்கமாகக் கூப்பிட்டார். அவர் கிறிஸ்தவர். புருஷன் இல்லை. காலேஜ் கேன்டீன் ஒன்றில் சமையல் வேலை, மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். அன்று நான் கத்தியதைக் கேட்டவர் அவர்தான். அது முதல் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“பாயம்மா, இன்னா இப்பிடி எளச்சிப் போய்ட்ட” என்றார். “எங்கனா போய்ட்டு வரணும்னா போய்ட்டு வா. ஒரு மணி நேரம் ஐயாவ நான் பாத்துக்கறேன்.”

அன்று சொன்ன வார்த்தையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. நான் பர்தாவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, உள்ளே அத்தா அவரிடம் பாங்கு சொல்லியாகிவிட்டதா என்று கேட்பதும், “இன்னும் இல்லீங்கய்யா, சொன்னா நானே வந்து சொல்றேன்” என்று அவர் இதமாகப் பதில் சொல்வதும் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு யாராலும் அப்படிச் சொல்ல முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உதவி செய்ய வந்தவரைப் பற்றியும் அப்படித்தான் நினைக்க வந்தது எனக்கு.

பள்ளிவாசல் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு மதரஸா நடத்துகிற ஒரு ஆலிமா இருக்கிறார். கல்யாணமாகிப் போன என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். நான் போனபோது வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. மடியில் கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். சலாம் சொல்லி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் என்று ஆரம்பித்து, இரண்டு வாக்கியத்துக்குள் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

என்ன சொன்னீர்கள், அதே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். என்னால் அதை மறுபடி வாயால் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவருடைய பழைய நோட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சொல்லும்போது சுயநினைவு இருந்ததா என்று கேட்டார். கோபத்தில் புத்தி மறைந்து, தான் என்ன பேசுகிறோம் என்றே தெரியாத நிலைக்குப் போனவர் சொன்னதற்குக் கணக்கு வேறு என்றார். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார் என்று புரிந்தது. ஆமாம், ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஆனால் புடவையை நான் விரித்த விதம் ஞாபகம் வந்தது. சொன்ன கையோடு, சாயம் ஒட்டாமல் இருக்க நடுவில் துணி வைத்தவள் நான்.

“தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றேன்.

“நம்பிச் சொன்னீங்களா?”

“இல்ல. அவர உக்கார வைக்கணும்னு சொன்னேன். வேற எது சொன்னாலும் அவர் உக்கார மாட்டாரு. அது எனக்குத் தெரியும்.”

ஆலிமா குழந்தையை மடி மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “இது லேசானதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. சொன்னா உங்களுக்கே மனசு ஒப்பாது. வாய்ல வந்தது பெரிய வார்த்த. ஆனா போய்ட்டோம், அவ்ளோதான்னு நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்காதீங்க. அது நம்ம வேல இல்ல. வருத்தப்பட்டு, இனி இல்லன்னு அல்லாகிட்ட தவ்பா செய்ங்க. அத்தாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு, அங்கயே நிறுத்துங்க. தெனமும் தோண்டிப் பாக்காதீங்க.”

நிக்காஹைப் பற்றிக் கேட்டேன். தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது, பாடம் சொல்லிக்கொடுத்த உஸ்தாதிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கோபம் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துவிடுங்கள், அப்படியும் அடங்காவிட்டால் படுத்துவிடுங்கள் என்றார்.

“படுத்தா தூங்கிடுவேம்மா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “தூங்குங்க” என்றார். “அத்தாவுக்கு வேற புள்ளைங்க இல்லையா?”

தம்பி இருக்கிறான் என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து, உனக்குத்தான் பெரிய நன்மை கிடைக்கிறது அக்கா என்று சொல்வான் என்றேன். அந்த நன்மையில் அவருக்கும் கொஞ்சம் பங்கு கொடுங்கள் என்று ஆலிமா சிரிக்காமல் சொன்னார்.

அன்று சாயங்காலம் அத்தாவின் காலடியில் உட்கார்ந்து, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். தொழும்போது இழுத்துவிட்டேன், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்றேன். என்னைத் தன்னோடு வேலைபார்த்த உதவியாள் என்று நினைத்திருக்க வேண்டும். “கேக்காம ஏறிட்டியா? இனிமே ஏறாத” என்றார். மன்னித்தேன் என்று சொல்லுங்கள் அத்தா என்று மறுபடி கேட்டேன். “சரிம்மா” என்றார். அல்லா இல்லை என்றபோது சொன்ன அதே ‘சரிம்மா’. இந்தச் சரியை எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு சரி அவரிடம் இல்லை, அதனால் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆலிமா போன் செய்தார். நம்பாமல் சொன்னாலும் தெரிந்து சொன்ன வார்த்தை என்பதால், பேணுதலுக்காக, ஒரு முன்னெச்சரிக்கையாக நிக்காஹைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது, இரண்டு சாட்சி போதும் என்று உஸ்தாத் சொன்னதாகச் சொன்னார். எல்லோரும் இப்படிச் சொல்லமாட்டார்கள், ஆனால் மனது நிம்மதிப்படும் என்றாராம்.

இதை எப்படி வீட்டுக்காரரிடம் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “யாரக் கூப்புடறது?” என்று மட்டும் கேட்டார். அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

அடுத்த ஞாயிறு லுஹருக்குப் பிறகு ஹஜ்ரத் வந்தார். இன்னொரு சாட்சியாக என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். எதற்கு என்று யாருக்கும் விவரம் சொல்லவில்லை, பேணுதலுக்கு என்றோம். இருபத்தெட்டு வருடம் கழித்து இது என்ன கூத்து என்று அந்த மச்சான் முணுமுணுத்தார். மாப்பிள்ளை தரவேண்டிய மஹருக்காக என் வீட்டுக்காரர் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கி வந்திருந்தார். எனக்கு ஐம்பத்தொரு வயது. நான் மாற்றாத நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மூன்று கைலி துவைத்திருந்தேன், மாற்றத் தெம்பில்லை.

ஹஜ்ரத் குத்பா ஓத ஆரம்பித்ததும் நாற்காலியில் சாய்ந்திருந்த அத்தா நிமிர்ந்தார். துஆவில் இரண்டு கையையும் ஏந்தினார். ஒவ்வொரு ஆமீனையும் சரியான இடத்தில் சொன்னார். முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு, “பொண்ணு யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் அத்தா.”

என்னை நன்றாகப் பார்த்தார். “மாப்ள யாரு, நல்ல புள்ளயா? விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சுட்டோம் மாமா” என்றார் என் வீட்டுக்காரர். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். மச்சானும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழுந்து டீ போடவேண்டும், பால் இருக்கிறதா என்ற யோசனையும் அதே நேரத்தில் வந்தது. துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தேன்.

தம்பியிடம் சண்டை போடவில்லை. ஒரு வாரம் வைத்துக்கொள், நான் தூங்க வேண்டும் என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், லீவு போட்டுவிட்டு வந்து கூட்டிப்போனான். மாடிக்கு நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப்போனார்களாம். நான் முதல் இரண்டு நாளும் தூங்கினேன். மூன்றாவது நாள் பகலில் தம்பி போன் செய்தான். பின்னால் அத்தா கேட்டுக்கொண்டிருப்பது எனக்கும் கேட்டது. “அக்கா” என்றான். நான் இன்றைக்கு அத்தாவிடம் ஒரு மாதிரி பேசிவிட்டேன் என்றான். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. போய்க் கொஞ்ச நேரம் படு, உன் பெண்டாட்டியை உட்காரச் சொல் என்றேன். அதற்குப் பிறகு அவன் நன்மை, கூலி என்றெல்லாம் என்னிடம் சொல்வதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அழைத்துப்போகிறான்.

கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. வாரத்தில் இரண்டு தடவையாவது தொண்டை வரைக்கும் வருகிறது. அந்த வார்த்தை இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற வார்த்தைகள். வரும்போது எங்கே நிற்கிறேனோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். ஈரத்தரை என்றாலும் உட்கார்ந்துவிடுகிறேன். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வரும் நாட்களில் அரைமணி நேரம் படுக்கிறேன். போனில் அந்த வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். என் தொழுகை சேர்கிறதா என்ற கேள்வி சில நாள் வரும். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. தொழுதுவிட்டு எழுந்துகொள்கிறேன்.

இந்த மழைக்காலத்தில் அத்தாவுக்குக் கால் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே தலையை மட்டும் அசைத்துத் தொழுகிறார். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இன்று காலை குளிப்பாட்டும்போது, தண்ணீர் ரொம்பச் சுடுகிறது என்றார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, முதலில் என் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, அவர் முதுகில் ஊற்றினேன்.